இரண்டு கதவு வண்டி

அக்கா,

நேற்றுப் பெய்த மழைக்கு ஷெட்டின் தகரம் ஒழுகியிருக்குமோ என்று பார்க்கப் போனேன். உறையை விலக்கிக் கார் கதவைத் திறந்ததும் அந்த வாசனை முகத்தில் வந்து மோதியது. பழைய தோல் இருக்கையின் வாசனை, கொஞ்சம் பெட்ரோல், அதற்கும் அடியில் நீ கைக்குத் தடவிக்கொள்ளும் கிரீம். நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. அந்த கிரீம் வாசனை மட்டும் எப்படி மிச்சமிருக்கிறதென்று தெரியவில்லை. கதவைச் சாத்த மனமில்லாமல் அங்கேயே நின்றிருந்தேன்.

இருபது வருடத்துக்கு மேல் குவைத்தில் நர்சாக இருந்தாய். உன் உழைப்பில்தான் மொரப்பூரில் இந்த வீடு எழும்பியது, தம்பி படித்தான், என் கல்யாணம் நடந்தது. உனக்கென்று எதுவும் நடக்கவில்லை. நீயும் கேட்டதில்லை. ஊருக்கே திரும்பி வந்த பிறகுதான் முதன்முதலாக ஒன்று கேட்டாய்.

அங்கே மருத்துவமனை வாசலில் ஒரு பெரிய டாக்டரின் கார் நிற்குமாம். ஜெர்மன் கார், இரண்டே கதவு. கண்ணாடிகளை இறக்கினால் நடுவில் தூண் இல்லாமல் ஒரு பக்கம் முழுக்கத் திறந்துவிடுமாம். வேலை முடிந்து வரும்போதெல்லாம் அதன் பக்கத்தில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் பஸ் ஏறுவாயாம். அதே மாதிரி வண்டி, பழசாக இருந்தாலும் பரவாயில்லை, வேண்டும் என்றாய்.

தம்பிக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. "அக்கா, ஒரு இன்னோவா எடுத்தா எல்லாரும் போலாம். ரெண்டு கதவு வண்டிய வெச்சிக்கிட்டு என்ன பண்றது?"

"எல்லாரும் போறதுக்குத்தான் டவுன் பஸ்ஸு ஓடுதே. இது நான் போறதுக்குடா."

பெங்களூரில் அந்த வண்டியைக் கண்டுபிடித்தாய். கருநீல நிறம், முப்பது வயது தாண்டியது. சேலத்திலிருந்து கூட்டிப்போன மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். "இன்ஜின் நல்லா இருக்குதுங்க. ஆனா ரப்பரெல்லாம் போச்சு, தரையில துரு இருக்குது. பார்ட்ஸ் லேசுல கெடைக்காது. நல்லா யோசிச்சிக்கோங்க." அவர் சொல்லி முடிப்பதற்குள் நீ ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாய்.

விற்றவர் ஒரு வயதான அம்மாள். கணவர் போனபின் வண்டியை எடுக்க ஆளில்லாமல் நிறுத்தி வைத்திருந்தார். இனி யார் ஓட்டுவார்கள் என்று கன்னடத்தில் கேட்டார். "நானே" என்றாய். இரண்டு மொழிக்கும் அது ஒரே சொல். அவர் உன் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

கிருஷ்ணகிரி தாண்டியதும் எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கினாய். உன் நரைத்த முடி காற்றில் பிரிந்து பறந்தது. பக்கத்தில் உட்கார்ந்து உன்னையே பார்த்துக்கொண்டு வந்தேன். அப்படி ஒரு முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அந்த வண்டி உன்னைப் படுத்தாத பாடு இல்லை. ஒரு சின்ன ரப்பர் குழாய்க்காக மாதக்கணக்கில் சேலம் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. மழைக்காலத்தில் கூரையில் திறக்கும் கண்ணாடி வழியாக உன் மடியில் சொட்டியது. கம்பைநல்லூர் மாமா பெண்ணழைப்புக்கு வண்டி கேட்டு வந்தார். "வண்டி வராதுங்க மாமா. நான் வேணா வர்றேன்" என்றாய். மாமா காபியைக் குடிக்காமலே எழுந்து போனார்.

வத்தல்மலை ஏறினபோது பாதி வளைவில் சூடாகி நின்றுவிட்டதே, ஞாபகமிருக்கிறதா? இன்ஜின் மூடியைத் திறந்துவிட்டு இருவரும் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தோம். மேலே போன ஜீப்காரர், "இதெல்லாம் இந்த ரோட்டுக்கு ஆவாதுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். நீ கீழே தெரிந்த ஊர்களைப் பார்த்துக்கொண்டு, "ஆவாதுதான். நம்மளுந்தான் எதுக்கு ஆவறோம்?" என்றாய். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். யாருக்கும் சோறாக்க வேண்டிய அவசரம் இல்லாமல் நாம் இருவரும் உட்கார்ந்திருந்த முதல் மத்தியானம் அது.

அடுத்த மழைக்காலத்துக்குள் உன் வயிற்றில் கட்டி என்றார்கள். டாக்டர் சொல்வதற்கு முன்பே உனக்குத் தெரிந்திருந்தது. அவர் பேசும்போது நீ என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். சேலத்துக்கு மருந்து ஏற்றிக்கொள்ளப் போகும்போது முதலில் நீயே ஓட்டினாய். திரும்பும்போதும் நீயே. பிறகு முடியாமல் போனது. தாழ்ந்த இருக்கை, ஏறவும் இறங்கவும் உடம்பு இடம் தரவில்லை. தம்பியின் காரில் பின்சீட்டில் தலையணை போட்டுக் கூட்டிப்போனோம். ஷெட்டைக் கடக்கும்போது நீ அந்தப் பக்கம் திரும்ப மாட்டாய்.

இனி சேலத்துக்கு வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பிய வாரம், ஒருநாள் காலையில், "வண்டியில கொஞ்ச நேரம் உக்காரணும்" என்றாய். தம்பியே வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்து, துணியை நனைத்துக் கண்ணாடியைத் துடைத்தான். உன்னை ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார வைத்தோம்.

"எங்க போலாம் சொல்லுக்கா, நான் ஓட்றேன்" என்றான்.

"எங்கயும் வேணாண்டா. ஆன் பண்ணு, போதும்."

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நீ ஸ்டியரிங்கில் கைகளை வைத்தபடி தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாய். தம்பி வேலி ஓரம் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். பிறகு நீயே சாவியைத் திருப்பி அணைத்தாய்.

இறங்கத்தான் முடியவில்லை. நான் குனிந்து உன் அக்குளுக்கடியில் கை கொடுத்தேன். மூச்சு வாங்கிக்கொண்டே என் காதருகில் சொன்னாய்: "முதுக வளைக்காதடி. முட்டிய மடக்கித் தூக்கு." உன்னைத் தூக்குகிறேன் என்றுகூட உனக்குத் தோன்றவில்லை. என் முதுகுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

முட்டியை மடக்கினேன். பெரிய பாரத்துக்குத் தயாராக மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினேன். நீ அப்படியே மேலே வந்துவிட்டாய். ஒரு கனமும் இல்லை. எங்கள் எல்லாரையும் சுமந்த உடம்பு அது.

இப்போதும் தண்ணீர்க் குடமோ சிலிண்டரோ தூக்கும்போது முட்டியைத்தான் மடக்குகிறேன், அக்கா. குடம் கனக்கிறது. அன்று உன்னைத் தூக்கிய கைகளுக்கு அந்தக் கனம் இன்னும் பழகவில்லை.