உன் வயது பதினைந்து

இன்று டியூஷன் முடிந்து இருங்காட்டுக்கோட்டை நிறுத்தத்தில் நின்றிருந்தேன். நனைந்த தார்ப்பாயோடு ஒரு லாரி பெங்களூர்ப் பக்கம் போனது. அந்த ஈர வாடை மூக்கில் ஏறியதும் உன்னிடம் பேசவேண்டும் போலிருந்தது.

தொண்ணூற்றொன்று ஆடியில் நீயும் இப்படியொரு லாரியில்தான் ஏறினாய். என்னோடு பத்தாவது படித்து, கணக்கில் தோற்று வீட்டிலிருந்த உன்னை, துபாயில் வீட்டு வேலை என்று ஏஜெண்டு அழைத்தான். பாஸ்போர்ட் கிடையாது, பம்பாயிலிருந்து கள்ளத்தோணி. “இன்னாத்துக்குடி அழுவுற? வரசொல்ல மூட்டை மூட்டையா புக்கு வாங்கினு வரேன்” என்று கிண்டல் செய்தாய்.

மரப்பெட்டிகளுக்கு நடுவே உன்னையும் இன்னும் சில பெண்களையும் அடைத்து, மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டினான். மூச்சு முட்டி நீங்கள் தட்டியபோது, செக்போஸ்ட் தாண்டும்வரை நிறுத்தாதே என்றானாம். லாரி ஓட்டியவரே கோர்ட்டில் சொன்னார். தாண்டியபோது உனக்கு உயிர் இல்லை.

ஆள் கடத்தியதை அவன் வக்கீல் மறுக்கவில்லை. தண்டனையைக் குறைக்கத்தான் பார்த்தார். பள்ளிச் சான்றிதழில் உன் பிறந்த தேதி ஜூன் ஒன்று. பதினாறு முடிந்த, விவரம் தெரிந்த பெண் தானே ஏறினாள் என்றார். சாட்சி சொல்லப் போகாதே என்று என் அம்மா தடுத்தாள். கோர்ட்டுப் படி ஏறின பெண்ணை நாளைக்கு யார் கட்டுவான் என்றாள். நான் பள்ளிச் சீருடையிலேயே போய்க் கூண்டில் ஏறினேன்.

“ஐயா, எனக்கும் ஜூன் ஒன்றுதான். எங்கள் வகுப்பில் பாதிப்பேருக்கு அதே தேதி. தலைக்கு மேல் கையைப் போட்டுக் காதைத் தொட்டால் ஐந்து வயது என்று எழுதிக்கொள்வார்கள். அவளுக்குக் கை நீளம், நாலு வயதிலேயே தொட்டுவிட்டாள்.”

வக்கீல் சிரித்தார். நீதிபதி சிரிக்கவில்லை.

“இறங்கும்மா. எனக்கும் ஜூன் ஒன்றுதான்” என்றார்.

தப்பிக்க வழியில்லாமல் கட்டியது, தட்டியும் நிறுத்தாதது, சிறுமியை ஏற்றியது, இந்த மூன்றும் குற்றத்தை இன்னும் கொடியதாக்குகின்றன என்று தீர்ப்பில் சொல்லித் தண்டனையைக் கூட்டினார்.

இப்போது அவன் அப்பீல் போயிருக்கிறான். புள்ளகுட்டிக்காரன், பாவம், வுட்டுடலாமே என்று தெருவில் என் காதுபடவே பேசுகிறார்கள். அவளும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே என்று திருப்பிக் கேட்டேன். திமிர் பிடித்தவள் என்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும். உனக்குப் பதினாறு ஆகவில்லை. இனி ஆகப்போவதுமில்லை. எந்தக் கோர்ட்டு கூப்பிட்டாலும் போய் அதைச் சொல்வேன்.