கஞ்சி போட்ட பாலே செருப்பு

காந்தா,

கட்டிலை விட்டு இறங்காதே. வலது காலை ஊன்றவே ஊன்றாதே. ஓரிக்கை ஊருக்குப் போய், எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிறவரைக் கையோடு அழைத்து வருகிறேன். ரசஞ்சாதம் தலைமாட்டில் இருக்கிறது.

ருஷ்யப் பத்திரிகையில் வந்த பாலே நடனப் படத்தைப் பார்த்து நுனிவிரலில் நிற்கப் பழகினாயே, அந்தப் பாலேக்காரிக்குப் பக்கத்தில் வாத்தியார் இருந்திருப்பார். உனக்கு நான்தான் இருந்தேன். தறியில் ஏற்றும் பாவு நூலுக்குப் போடுகிற கஞ்சியைத் துணிச்செருப்பின் நுனியில் தடவி, விறைப்பாகக் காயவைத்துக் கொடுத்தேன். நேற்றே "வலிக்குதும்மா" என்றாய். "பழகினா சரியாப் பூடும்" என்றேன். இன்று உன் காலில் மளுக்கென்று கேட்ட சத்தம் காதை விட்டுப் போகவில்லை.

அப்பா வந்து கேட்டால், தறிக்குழியில் இடறிவிட்டதாகச் சொல்.

அம்மா

வேண்டாம், பொய் சொல்லாதே. செருப்பு செய்து கொடுத்தது அம்மா என்றே சொல்.

இன்னொன்று. காலையில் முதல்தடவை நுனிவிரலில் ஒரு நொடி நின்றாயே, அப்போது நான் கைதட்டினேன். அதனால்தானே மறுபடியும் எழும்பினாய், கண்ணு?