சூடு வந்துருச்சுங்க

1972 டிச. 14, வியாழன்
மூன்றாம் நாளாகத் தூறல். டிஞ்சர் தீர்ந்தது. டாக்டர் இன்றும் வரவில்லை.

மதியம் சித்தேரி மலையிலிருந்து தூளி கட்டி ஒருவனைத் தூக்கி வந்தார்கள். பொன்னன், மரம் வெட்டும் கூலி. இரண்டு நாளாக ஈரத்துணியோடு மரம் இழுத்தவன். உதடு நீலம், கை கிணற்றுக் கல்லாய்ச் சில்லிட்டிருந்தது. கம்பளி கேட்டதற்குக் காண்ட்ராக்டர் சாராயம் கொடுத்தனுப்பினாராம். தூக்கி வந்தவன் மடியில் மீதி பாட்டில்.

"ஊத்தலாமுங்களா, கம்பவுண்டர் சார்?"

"ஊத்து." நானே தலையைத் தூக்கிப் பிடித்தேன்.

முகம் சிவந்தது. நடுக்கம் நின்றது. பெண்டாட்டி ராமாயி அவன் கையைப் பிடித்துப் பார்த்து, "சூடு வந்துருச்சுங்க!"

தூக்கி வந்தவன், "மாப்ள பொண்ணு பாக்கப் போறாப்ல செவந்துட்டான்டா!"

எல்லோரும் சிரித்தோம். நானும்.

நாலு மணிக்குப் போய்விட்டான். பீரோவிலிருந்து ஆஸ்பத்திரிக் கம்பளியை எடுத்துப் பிணத்துக்குப் போர்த்தி அனுப்பினேன். உயிரோடு இருந்தபோது அந்தக் கம்பளி நினைவுக்கு வரவில்லை.

டிச. 15
தூக்கமில்லை. டாக்டரின் பழைய இங்கிலீஷ் புத்தகம், எழுத்துக் கூட்டிப் படித்தேன். வெயிலில் உடம்பு தோலடி ரத்தக் குழாய்களை விரிக்கிறது, சூட்டை வெளியேற்ற. குளிரில் சுருக்குகிறது, சூட்டை நெஞ்சுக்குள் காப்பாற்ற. சாராயம் குளிரிலும் விரித்துவிடும். ரத்தம் தோலுக்கு ஓடி வரும். முகம் சிவக்கும், தொட்டால் சுடும்.

வந்த சூடு அல்ல அது. போகிற சூடு.

அவன் உடம்பு சாத்தி வைத்த கதவை நான் திறந்துவிட்டேன்.

டிச. 16
டாக்டர் வந்தார். சொன்னேன்.

"ஊரே செய்யறதுதானேய்யா. ரிஜிஸ்டர்ல நிமோனியான்னு போடு."

போடவில்லை. காரணம் என்ற கட்டம் காலி.

காண்ட்ராக்டர் ஜீப் போயிற்று. சீட்டுக்குக் கம்பளி விரித்திருக்கிறது. சீட்டுக்கு!

டிச. 18
வெயில். எங்கே பார்த்தாலும் சிவந்த முகம்.

ராமாயி வந்தாள். கம்பளியைத் துவைத்து மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"அவரு குளுருல சாவலீங்க. கை அவ்ளோ சூடு. நீங்க குடுத்த சூடுங்க சார் அது."

கம்பளியைப் பீரோவில் வைத்தேன். இந்த ஆறுதலையும் பிடுங்குவதா?

"அந்த வேலைக்கி இப்ப எந்தம்பி போறானுங்க. அவனுக்கும் ஒரு பாட்டில் வாங்கி வெச்சிருக்கேன். குளுந்துச்சுனா நீங்க செஞ்சாப்லயே..."

"உக்காரும்மா," என்றேன்.

சொன்னேன். முழுவதும். அவன் தலையைத் தூக்கிப் பிடித்தது யார் என்பது உட்பட.

அவள் அன்று அவன் கையைப் பிடித்துப் பார்த்த தன் வலது உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.