அம்மா பதினான்கு முறை

மார்ச் 3, செவ்வாய்

இன்று மூன்று வேட்பாளர்களின் பேச்சு வந்தது. எங்கள் ஆய்வு மையத்தில் வேலை சுலபம்தான். தட்டச்சு செய்த பேச்சைப் படித்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே அது எதைப் பற்றியது என்று எழுத வேண்டும்: தண்ணீர், வேலை, தாய், எதிரி. எந்தச் சொல் எத்தனை தடவை வந்தது என்று கடைசியில் எண்ண வேண்டும். அதே பேச்சை எதிர்மேஜையில் இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சரும் தனியாகப் படிப்பார். இரண்டு தாளும் ஒத்துப்போனால்தான் கணக்கில் சேரும்.

மூன்றாவது பேச்சு என் தம்பியுடையது.

வேலைக்குச் சேர்ந்தபோது ஒரு படிவம் கொடுத்தார்கள். வேட்பாளர் யாராவது உறவா? 'இல்லை' என்று எழுதினேன். அது பொய்யா? ஐந்து வருடமாக ஒரு போன்கூட இல்லை.

மார்ச் 4, புதன்

நன்றாகத்தான் பேசுகிறான். 'கொடுப்பேன்' என்று ஓரிடத்திலும் இல்லை, 'சேர்ந்து வாங்குவோம்' என்கிறான். எதிராளியைக்கூட 'அவர்' என்றுதான் சொல்கிறான். 'மக்கள்' ஒன்பது. 'அம்மா' பதினான்கு. 'அக்கா' — இல்லை. இல்லாத சொல்லை எண்ண எங்கள் தாளில் கட்டம் கிடையாது.

மார்ச் 5, வியாழன்

சாப்பாட்டு வேளையில் டீச்சர் அவன் பேச்சை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். "சின்ன வயசுல நாலு பேரைப் பார்த்தாலே எனக்கு நடுங்கும். எங்க அம்மாதான் வாளியைக் கவுத்துப் போட்டு, அதுமேல என்னை நிக்க வெச்சுப் பேசச் சொன்னாங்க. எதிர்ல இருக்கறதெல்லாம் கொடியில காயற துணின்னு நெனச்சுக்கோன்னாங்க."

"எப்படி வளர்த்திருக்கா பாரு, மகராசி!" என்றார் டீச்சர்.

அந்த வாளியைக் கவிழ்த்தது நான். பச்சை வாளி, கைப்பிடி உடைந்தது. அம்மா இரவு ஷிப்ட் முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருப்பாள். "சத்தம் போடாதீங்க சனியன்களா" — அந்தப் பயிற்சியில் அவள் பங்கு அவ்வளவுதான். பாவம், அவளைக் குறை சொல்லவில்லை. இப்போது இருந்தால் அவளே சிரித்திருப்பாள். ஒரே சொல்லை மூன்று தடவைக்கு மேல் சொல்லாதே என்றும் சொல்லிக்கொடுத்தேன். பதினான்கு தடவை சொல்கிறான், தடிமாடு.

மார்ச் 8, ஞாயிறு

விடுமுறை. சாயங்காலம் வரை யாரிடமும் பேசவில்லை. குழாய் ரிப்பேர்க்காரர் வந்து "வாஷர் போயிருக்கு" என்றார். அந்த ஒரு வரிக்கு நான் அரை மணி நேரம் பதில் சொன்னேன். தப்பித்தோம் பிழைத்தோம் என்று ஓடிவிட்டார்.

மார்ச் 10, செவ்வாய்

மாட்டிக்கொண்டேன். அந்த வாளி வாக்கியங்களுக்கு எதிரே டீச்சர் தாளில் 'தாய்'. என் தாளில் 'அக்கா'. எழுதியது நினைவே இல்லை, கை தானாக எழுதியிருக்கிறது. மேலாளர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"அக்கான்னு இந்தப் பேச்சுல எங்கேம்மா இருக்கு?"

"இல்ல சார்."

"அப்புறம்?"

சொல்லிவிட்டேன். படிவத்தில் எழுதிய பொய்யையும் சேர்த்து. வேலை போகும் என்று நினைத்தேன். அவன் பேச்சுகளை மட்டும் என் மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டு போனார்.

கிளம்பும்போது டீச்சர் கையைப் பிடித்தார். "உன் தம்பி ஏன்மா உன்னை மறைக்கறான்?"

பஸ் வந்துவிடும் என்று கிளம்பிவிட்டேன்.

மார்ச் 11, புதன்

இங்கேயாவது உண்மையை எழுது. மறைக்கச் சொன்னதே நீதானே?

நான் பிழை திருத்திக்கொண்டிருந்த பத்திரிகையை இழுத்து மூட வைத்த கட்சி. ஐந்து வருடத்துக்கு முன் அதில் போய்ச் சேர்ந்தான். கத்தினேன் — "எந்த மேடையிலயும் என் பேச்சை எடுக்காதே! உனக்கு அக்காவே இல்லைன்னு வெச்சுக்கோ!" அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

கட்சி விஷயத்தில் இன்றைக்கும் நான் சொன்னதுதான் சரி. அதில் மாற்றமில்லை. ஆனால் அந்தக் கடைசி வாக்கியம்? கூடப் பிறந்தவனிடம் யாராவது அப்படிச் சொல்வார்களா? அதைச் சொன்ன இதே வாய்தான் இப்போது புலம்புகிறது — ஏன் என்னைச் சொல்லல, ஏன் சொல்லல...

எனக்கு அவன் வேண்டும். அவ்வளவுதான்.

மார்ச் 12, வியாழன்

போனை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

மார்ச் 15, ஞாயிறு

காலை பத்து மணிக்கு அவனுடைய பழைய எண்ணுக்கே போட்டேன். உதவியாளர் யாரோ எடுத்தார். பின்னால் ஒரே கூச்சல்.

"யாருங்க?"

"அக்கா பேசறேன்னு சொல்லுங்க."

"எந்த அக்கா? எந்த வார்டு?"

"அவன் கூடப் பொறந்த அக்கா."

"அவருக்கு அக்கா கிடையாதுங்களே. ஒரே பிள்ளைங்க."

வைத்துவிடலாம் போல இருந்தது. வைக்கவில்லை. "இருக்கா. போய்க் கேளுங்க" என்றேன்.

ஏதோ கதவு சாத்தும் சத்தம். கூச்சல் நின்றது. யாரோ மூச்சு விடுவது மட்டும் கேட்டது. கோபமாகத்தான் பேசுவான் என்று நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டேன்.

"நான் யார்கிட்டயும் சொல்லலக்கா" என்றான்.

"தெரியும்டா" என்றேன். "எண்ணிப் பார்த்தேன்."

இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.