கடவுச்சொல்லைத் தெரிந்தவன்

மார்ச் 4, திங்கள்

இங்கே இலையுதிர்காலம் பிறந்தாச்சு, காலையில் குளிர் தட்டத் தொடங்கிவிட்டது. கீரனுக்கு கேரட் ஆலையில் முதல் ஷிப்ட். போவதற்கு முன் ஏணி போட்டு, கூரை ஓரத்தில் அடைத்திருந்த இலைகளை வாரிப் போட்டுவிட்டுப் போனான். நான் கேட்கவே இல்லை. என் மகன் இந்தப் பின்னறைக்குத் திரும்பி வந்து ஏழு மாதம். போதையை விட்டு இருபது மாதம். நான் மாதம் எண்ணுகிறேன் என்பது அவனுக்குத் தெரியாது.

பெப்பர் சரியாகச் சாப்பிடவில்லை. பதினாலு வயசுப் பூனை, அதன் பாட்டுக்கு விட்டுவிட்டேன்.

மார்ச் 6, புதன்

நான் பொருள் வாங்கும் இணையக் கடையிலிருந்து மின்னஞ்சல்: ‘உங்கள் ஆர்டர் அனுப்பப்பட்டது.’ எந்த ஆர்டர்? நான் எதுவும் வாங்கவில்லையே. இரண்டு போன், ஒரு கத்தை பரிசு அட்டை. முகவரி மெல்போர்னில் ஏதோ ஒரு தெரு. கணக்குக்குள் போய்ப் பார்க்கலாம் என்றால் கடவுச்சொல் தவறு என்கிறது. மூன்று தடவை மெதுவாக, எழுத்து எழுத்தாக அடித்தேன். தவறு என் கையில் இல்லை. யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

வங்கிக்குப் போன் செய்து அட்டையை நிறுத்தச் சொன்னேன். “உங்க பாஸ்வேர்டு வேற யாருக்காவது தெரியுமா மேடம்?” என்று கேட்டார்கள். இல்லை என்றேன்.

பொய். அந்தக் கணக்கைத் தொடங்கிக் கொடுத்ததே கீரன்தான். மெல்போர்னில்தான் அவன் எட்டு வருஷம் சீரழிந்து கிடந்தான்.

நினைக்கக்கூடாது. நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

கைப்பையை எடுத்து என் அறை அலமாரிக்குள் வைத்தேன்.

மார்ச் 7, வியாழன்

மூன்று மணிக்கு வந்தான். டீக்குக் கெட்டிலைப் போட்டான். அவன் முதுகைப் பார்த்துக் கேட்டுவிட்டேன்.

“கீரன், கடைக் கணக்குல நீ ஏதாவது பண்ணினியா?”

“என்ன பண்ணினேன்னு கேக்குற?”

சொன்னேன். போன், பரிசு அட்டை, மெல்போர்ன். அந்த ஊர்ப் பேரைச் சொல்லும்போது என் குரல் மாறியது எனக்கே கேட்டது.

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் பழைய கீரன். அவனைச் சமாளிக்க எனக்குத் தெரியும். இவன் நாற்காலியில் உட்கார்ந்தான். சமையலறை மேடையைப் பார்த்தான். என் பை எப்போதும் அங்கேதான் இருக்கும்.

“பை எங்கம்மா?”

என் கண் என் அறைப் பக்கம் போனது.

“எப்ப எடுத்து வச்ச? நேத்தா?”

“உங்கப்பா வாட்ச்சை நீ—”

“வித்தேன். அவர் ஆஸ்பத்திரியில சாகக் கிடந்தப்போ வித்தேன். எனக்கு ஞாபகம் இருக்கு, நீ சொல்ல வேணாம். இதை நான் பண்ணலம்மா.”

“உனக்கு மட்டும்தானேப்பா தெரியும்.”

“அப்ப நான்தான்னு முடிவு பண்ணிட்ட.”

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். வரவில்லை. ஏன் வரவில்லை?

“நீயே நம்பலன்னா நான் என்னை எப்படிம்மா நம்புறது?”

கெட்டில் கொதித்து அடங்கியது. இரண்டு பேரும் டீ போடவில்லை.

மார்ச் 8, வெள்ளி

பின்னறையில் அவன் படுக்கை மடித்து வைத்திருக்கிறது. வீட்டுச் சாவி மேசைமேல். மெல்போர்னுக்குப் போகிற சாயங்காலக் கப்பல் ஆற்று வாயைத் தாண்டிப் போவதை ஜன்னலில் நின்று பார்த்தேன்.

மார்ச் 12, செவ்வாய்

இணையக் கடைக்காரர்களைப் போனில் பிடிக்க நான்கு நாள் ஆயிற்று. பேசிய பெண்ணின் பேர் லூயீஸ். நான் நான்தான் என்று நிரூபிக்கவே முக்கால் மணி நேரம் — பழைய முகவரி, கடைசியாக வாங்கிய நூல்கண்டின் நிறம் வரைக்கும்.

நான்தான் கேட்டேன். “இதை வீட்டுல இருக்கிறவங்க யாராவது செஞ்சிருக்க முடியுமா?”

“இல்ல மேடம். அதே ஒரு மணி நேரத்துல பல நூறு பேரோட கணக்குல இப்படிப் புகுந்திருக்காங்க. வேற ஏதோ தளத்துல திருடுபோன பட்டியலை வச்சு வரிசையா முயற்சி பண்ணியிருக்காங்க. இதே பாஸ்வேர்டை வேற எங்கயாவது வச்சிருக்கீங்களா?”

எங்கே வைக்கவில்லை? மின்சாரம், மருந்துக்கடை, நூலகம், ஒட்டுப்போர்வை தைக்கிறவர்களின் தளம் — எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான்.

போனை வைத்துவிட்டு, திருட்டைப் பற்றி யாராவது எச்சரித்திருக்கிறார்களா என்று மின்னஞ்சலில் தேடினேன். குப்பையில்கூட இல்லை. தையல் தளத்துக்குள் போனால் முகப்பிலேயே அறிவிப்பு: நவம்பரில் எங்கள் பட்டியல் களவுபோனது, அனைவருக்கும் கடிதம் அனுப்பினோம், உடனே கடவுச்சொல்லை மாற்றுங்கள். ஞாபகம் வந்தது. விளம்பரம் என்று நினைத்துப் படிக்காமலே அழித்தேன்.

அழித்தது நான். வீட்டை விட்டுப் போனது அவன்.

மார்ச் 13, புதன்

ஐந்து தடவை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. ‘அம்மா தப்புப் பண்ணிட்டேன்ப்பா’ என்று அவன் போனில் குரல்செய்தியாகப் பதிந்தேன். மணி அடித்து அது துண்டித்துக்கொண்டது.

மார்ச் 16, சனி

ஆலைக்கு நேரில் போனேன். மேற்பார்வையாளர் நல்ல மனுஷன். “எட்டாம் தேதி காலையில வந்து சொல்லிட்டுப் போனாரு. நல்ல வேலைக்காரர், எப்ப வந்தாலும் எடுத்துக்குறேன்னு சொல்லுங்க.” சரி என்றேன். எங்கே போய்ச் சொல்வது?

ஓடிப்போகவில்லை. முறையாகச் சொல்லிக்கொண்டு போயிருக்கிறான்.

மார்ச் 21, வியாழன்

நோலீன் வந்தாள். நாற்பது வருஷத் தோழி, தபால் ஆபீசில் இருந்தவள், ஒரு விஷயத்தையும் விடமாட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன், கைப்பை வரைக்கும். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. கணினியைத் திறந்தாள்.

“பாஸ்வேர்டா என்னடி வச்சிருந்த?”

பூனை பேரும் நான் பிறந்த வருஷமும்.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். “தினம் சாயங்காலம் வாசல்ல நின்னு ‘பெப்பர், பெப்பர்’னு தெருவே கேக்கக் கத்துற. உன் அறுபதாவது பிறந்தநாள் கேக்கை ஊருக்கே படம் போட்டுக் காட்டின. களவாணிக்கு நீ காபியும் போட்டு வச்சிருக்கலாம்.”

சிரித்துவிட்டேன். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. அவள் என் முதுகைத் தடவிக்கொண்டே மறு கையால் விசைப்பலகையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

முதலில் மின்னஞ்சல். மற்ற எல்லாக் கணக்கையும் மீட்கிற கடிதம் அங்கேதான் வருமாம். அது போனால் எல்லாம் போச்சு. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு சொல்லைக் கோத்து நீளமாக ஒன்று வைத்தோம். இனி உள்ளே போக என் போனுக்கு வரும் ஆறு இலக்க எண்ணும் வேண்டும். “அந்த எண்ணைக் கடைக்காரன்னு சொல்லிக் கேட்டாலும் குடுக்காத. நானே கேட்டாலும் குடுக்காத.” மற்ற கடவுச்சொற்களை எல்லாம் ஒரு பெட்டகச் செயலி உருவாக்கி, அதுவே ஞாபகம் வைத்துக்கொள்கிறது. பார்த்தால் பூனை விசைப்பலகையில் நடந்த மாதிரி இருக்கிறது.

மின்சாரக் கணக்கில் ஒரு பாதுகாப்புக் கேள்வி: உங்கள் முதல் பிள்ளை எந்த ஊரில் பிறந்தது? உண்மையை எழுதாதே, யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்றாள் நோலீன். பொய் ஊர் ஒன்றை எழுதினேன். அவனைப் பற்றித் தப்பாக ஒன்றை நினைப்பது எனக்கு ஏற்கெனவே பழகியிருந்தது.

ஏப்ரல் 9, செவ்வாய்

கடைக் கணக்கு திரும்பக் கிடைத்தது. போன பணத்தை வங்கி போட்டுவிட்டது. லூயீஸ் எழுதியிருந்தாள், எல்லாம் பழையபடி இருக்கிறது என்று.

வாங்கப்போகும் பொருளை எடுத்து வைக்கிற கூடையைத் திரையில் திறந்தேன். வேலைக்குப் போடும் பூட்ஸ் ஒரு ஜோடி, பதினோராம் அளவு. கீரன் பிப்ரவரியில் எடுத்து வைத்திருக்கிறான். வாங்கவில்லை, சம்பளத்துக்குக் காத்திருந்தானோ என்னவோ. திருடர்கள்கூட அதைத் தொடவில்லை.

வாங்கி அனுப்பலாம் என்று பொத்தானை அழுத்தினேன். எங்கே அனுப்ப வேண்டும் என்று கேட்டது. பழைய முகவரி எல்லாவற்றையும் உள்ளே போனதுமே நான்தான் பாதுகாப்புக்கு என்று அழித்திருந்தேன்; அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்றும் தெரியாது. அந்த வெற்றுக் கட்டத்தின் முன்னால் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன், தெரியவில்லை.

ஏப்ரல் 10, புதன்

பத்தொன்பதாவது செய்தி அனுப்பினேன். இனி அனுப்ப வேண்டாம். அவனைத் துரத்துகிற மாதிரி இருக்கிறது.

ஏப்ரல் 24, புதன்

மழை. மெல்போர்னில் ரயில் நிலையத்தில் ஒருவன் விழுந்து கிடந்தான் என்று செய்தியில் சொன்னார்கள். வயசு சொல்லும்வரை சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்டேன். ஐம்பத்திரண்டாம். அந்த ஆளுக்கும் அம்மா இருப்பாள். நான் ‘அப்பாடா’ என்றேன்.

மே 2, வியாழன்

பெட்டகச் செயலி ஒரு கேள்வி கேட்கிறது: உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் இதைத் திறக்க நம்பிக்கையான ஒருவரைக் குறிப்பிடுங்கள்.

“என் பேரைப் போடுடி,” என்றாள் நோலீன். “உனக்கு முன்னாடி நான் போயிட்டா அப்புறம் பாத்துக்கலாம்.”

நான் கீரனின் மின்னஞ்சல் முகவரியை அடித்தேன். அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“இது மன்னிப்புக் கேக்குற இடமில்ல கிளெனிஸ்.”

“மன்னிப்பு பத்தொன்பது தடவை கேட்டாச்சு. இது அது இல்ல. வங்கி, வீடு, எல்லாத்தோட சாவியும் இதுல இருக்கு. அவன்கிட்ட இருக்கட்டும்.”

“அவன் மறுபடியும் அந்தப் பழக்கத்துல விழுந்திருந்தா?”

அதை நான் யோசிக்காமலில்லை. ஆனாலும் அழைப்பை அனுப்பிவிட்டேன்.

மே 3, வெள்ளி

‘பதிலுக்குக் காத்திருக்கிறது.’

மே 11, சனி

காத்திருக்கிறது.

மே 19, ஞாயிறு

பெட்டகத்திலிருந்து ஒரு வரிக் கடிதம்: கீரன் ஹாரப் உங்கள் அழைப்பை ஏற்றுக்கொண்டார்.

அவனிடமிருந்து தனியாக எதுவும் இல்லை. போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு சொல்கூட இல்லை.

ஏற்றுக்கொண்ட நேரம் போட்டிருக்கிறது. காலை ஏழு ஐம்பத்திரண்டு. போதையில் கிடந்த அந்த எட்டு வருஷத்தில் அவன் மதியம் இரண்டுக்கு முன் கண் விழித்ததே இல்லை.

ஏழு ஐம்பத்திரண்டு. ஞாயிற்றுக்கிழமை. எழுந்திருக்கிறான்.