மேசைமேல் இருக்கும் மாத்திரை

கிசாவின் அப்பாவுக்கு,

இரவு வேலை முடிந்து வந்ததும் மேசைமேல் என் லித்தியம் மாத்திரையைப் பார்த்துப் பதற வேண்டாம். மறக்கவில்லை, வீம்பும் இல்லை. ரத்தப் பரிசோதனைக்குப் போகிறேன்; ரத்தம் கொடுத்த பிறகுதான் அதை விழுங்க வேண்டும்.

வாழைக்காய் மத்தோக்கே வாழையிலைக்குள் சூடாக இருக்கிறது. நிலக்கடலைக் குழம்பு பக்கத்துச் சட்டியில். உங்கள் தங்கை நகாயிசா வந்தால் எனக்கும் கொஞ்சம் காப்பாற்றி வையுங்கள்.

நேற்று என் முழங்கால் வீக்கத்துக்கு நீங்கள் வாங்கி வந்த இபுப்ரோஃபனை நான் தூக்கி எறிந்ததும், "உனக்கு பைபோலார் மறுபடி தலைதூக்குது" என்றீர்கள். இல்லை. "வீக்க மாத்திரையச் சேத்துப் போட்டா லித்தியம் ரத்தத்துல தேங்கிடும்மா" என்று நர்ஸ் போன மாதமே சொன்னாள். நீங்கள் அப்போது வாசலில் போனில் பேசிக்கொண்டிருந்தீர்கள். நானும் எறியாமல் சொல்லியிருக்கலாம். முணுமுணுத்துக்கொண்டே நீங்கள் கொடுத்த ஐஸ் ஒத்தடத்தில் வீக்கம் வடிந்துவிட்டது. போடாபோடா வாடகை பைக்கில் ஏறிப் போகிற அளவுக்குக் கால் தேவலை.

இப்படிக்கு, நாந்தோங்கோ

இன்னொன்று. காலையில் சமைக்கும்போது சத்தமாகப் பாடினேன். எனக்கு மறுபடி தொடங்கிவிட்டது என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். வலி விட்டது, அதனால் பாடினேன், அவ்வளவுதான். திரும்பி வந்தும் பாடுவேன். மாத்திரை டப்பாவைத் திறந்து எண்ணாமல், உட்கார்ந்து கேளுங்கள்.