மொட்டைக்குப் பிறகும் வந்த கொப்புளம்

அண்ணா, நேற்று வாலாஜாபாத்தில் பெயிண்ட் வேகிற வாசனை அடித்தது. நின்று பார்த்தேன். பவுடர் கோட்டிங் பட்டறை. வார்ப்பிரும்புச் சாமான்களை ஒன்றும் பூசாமல் வெறுமனே ஓவனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எதற்கு என்று கேட்டேன்.

“வார்ப்புக்குள்ள காத்து இருக்குதுமா. முதல்ல சும்மா சுட்டு அத்த வெளிய தள்ளிடணும். இல்லாட்டி கோட்டிங் கொப்புளிச்சிக்கும்” என்றான் பட்டறைக்காரன்.

இதை நீ தெரிந்துகொள்வதற்குள் என் வீட்டுக்காரர் தலை போய்விட்டது.

அறுபதுகளின் கடைசியில் தறியை விற்றுவிட்டுப் பெயிண்ட் ஷெட் போட்டாய். மெட்ராஸ் கம்பெனியின் வார்ப்பிரும்புப் பம்ப் மூடிகளுக்குப் பெயிண்ட் அடித்துச் சுட்டுக் கொடுக்கிற வேலை. மூடிகளைத் துடைத்துத் தருவது இவர். சுட்டதெல்லாம் கொப்புளம். இன்னொரு லோடு திரும்பினால் ஆர்டர் கிடையாது என்று கம்பெனி சொல்லிவிட்டது. எண்ணெய்க் கை பட்டால் பட்டு கெடும் என்று கேட்டு வளர்ந்தவன் நீ. இரும்புக்கும் அதே புத்தியைத்தான் ஓட்டினாய்.

“மாப்ள, உன் தலை எண்ணெய்தான்பா எல்லாத்தையும் கெடுக்குது.”

“கைய சோப்பு போட்டுத்தானே கழுவிக்கினு வரேன் மச்சான்” என்றார்.

நாவிதரை ஷெட்டுக்கே வரவழைத்தாய். வேலையாட்கள் நடுவே உட்கார வைத்து மொட்டை. புருவத்தையும் எடுக்கச் சொல்லிச் சிரித்தாய், பாவி. நான் சாப்பாட்டுத் தூக்கோடு வாசலில் நின்றிருந்தேன். அந்த வேலை போனால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. அது தெரிந்துதான் செய்தாய்.

மறுநாளும் கொப்புளம். பெயிண்ட் அடிக்க மறந்து ஓவனுக்குள் வெந்து கிடந்த ஒரு மூடியை எடுத்து, ஆறவிட்டு, அடித்துச் சுட்டாய். அது மட்டும் வழவழவென்று வந்தது. அப்புறம் எல்லா மூடியையும் முதலில் வெறுமனே சுட்டாய், ஆர்டர் தங்கியது. இவரிடம் நீ சொன்னது இவ்வளவுதான்: “மயிருதானே, வளரும்பா.”

வளர்ந்தது. அதே ஷெட்டில் பல வருஷம் மூடி துடைத்தார்.

நீ செத்தபோது கொள்ளி வைக்கப் பிள்ளை இல்லை. பங்காளிகளோடும் பேச்சு வார்த்தை வைத்துக்கொள்ளவில்லை நீ. ஊரார் இவரைத்தான் கூப்பிட்டார்கள். நாவிதர் கிண்ணத்தில் தண்ணீரோடு காத்திருந்தார். இவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

“மச்சானுக்கு நான் எப்பவோ மொட்டை போட்டாச்சுபா” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

நான் தடுக்கவில்லை. யாரோ கூலியாள் வைத்தான் உனக்குக் கொள்ளி. வீட்டுக்கு வந்து, இழவு வீட்டுக்காரி என்றும் பார்க்காமல், இவர் தலை நிறைய எண்ணெய் வைத்தேன். இன்றைக்கும் தினம் வைக்கிறேன் அண்ணா, சொட்டச் சொட்ட.